எந்தப் பிடி, எந்தப் பள்ளி?

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் வழியில் இல்லாத பள்ளியில் சேராதீர்கள். ஜூடோவா, மல்யுத்தமா, பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவா என்று மாதக்கணக்கில் யூடியூபில் ஆராய்ந்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் 'மிகச் சிறந்த' வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. ஆறரைக்கு முடிய வேண்டிய மீட்டிங் ஏழேகாலுக்கு முடியும். ஓஎம்ஆரிலோ அவினாசி சாலையிலோ வண்டிகள் நகராது. வகுப்பு பாதி ஓடியிருக்கும்போது உள்ளே நுழையக் கூச்சமாக இருக்கும். கொஞ்ச நாளில் போவதே நின்றுவிடும். மல்லுக்கட்டும் கலைகளில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பாயில் புரண்டால்தான் உடம்பில் ஏதாவது ஒட்டும். ஆகவே அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய பள்ளிகளை மட்டும் எழுதி வையுங்கள். பெரும்பாலான ஊர்களில் இரண்டு மூன்றுதான் தேறும். பாதித் தேர்வு அங்கேயே முடிந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி. அங்கே நிஜமாக மல்லுக்கட்டுகிறார்களா? ஒருவர் பிடிக்க வருகிறார், இன்னொருவர் விடாமல் எதிர்க்கிறார், யாராவது ஒருவர் தோற்கிறார், மறுபடி கைகுலுக்கித் தொடங்குகிறார்கள். இது ஒவ்வொரு வகுப்பிலும் நடந்தால் அது பலன் தரும் கலை. பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நிஜமாக மல்லுக்கட்டுவது அவசியமா என்ற வழக்குக்கு ஜப்பானில் ஒருவர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரிக்கும் அளவு இடத்தில் ஜிகோரோ கானோ கொடோகன் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. பழைய ஜுஜுத்சுவிலிருந்த குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளை அவர் ஒத்திகை வடிவங்களுக்கு ஒதுக்கிவிட்டார். முழு பலத்தோடு செய்தாலும் கூட்டாளி மறுநாள் வகுப்புக்கு வரக்கூடிய எறிதல், அமுக்கிப் பிடித்தல், நெரிப்பு, முழங்கைப் பூட்டு ஆகியவற்றை 'ரண்டோரி' என்ற தடையற்ற பயிற்சிக்கு வைத்துக்கொண்டார். வித்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் மிஞ்சிய ஒவ்வொன்றும், விழ மறுக்கும் ஆள்மேல் நாள்தோறும் சோதிக்கப்பட்டது. 'எங்கள் கலை கொலைக்கலை, அதனால் ஸ்பாரிங் செய்ய முடியாது' என்று சொல்லும் மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சோதிக்கவே முடியாத பிடி வேலை செய்யுமா என்பது அவருக்கும் தெரியாது. அய்கிடோ மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பெரும்பாலான அய்கிடோ வகுப்புகளில் எதிராளி ஒத்துழைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர 'தற்காப்புப் பட்டறை'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எது எதைத் தரும்

மல்யுத்தம் கொடுக்கும் அடித்தளத்தை வேறெதுவும் கொடுப்பதில்லை. ஆளைத் தரையில் வீழ்த்துவது, மேலே ஏறி அசையவிடாமல் வைப்பது, மூச்சுத் திணறும்போதும் கை தளராமல் இருப்பது எல்லாம் அங்கே வரும். ஒலிம்பிக்கில் இரண்டு வகை. ஃப்ரீஸ்டைலில் காலைப் பிடிக்கலாம். கிரேக்க-ரோமனில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது. மூன்று நிமிடச் சுற்று இரண்டு. எதிராளியின் இரண்டு தோள்களும் பாயில் ஒட்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. (இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூறு 80ஆம் பாட்டில், ஒரு கால் மார்பில் மண்டியிட்டு அழுத்த மறு கால் எதிராளியின் உபாயத்தை விலக்குகிறது. இன்றும் எந்த வகுப்பிலும் முதல் மாதத்தில் சொல்லித்தரும் நிலைதான் அது.)

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மல்யுத்தக் கூடங்கள் பத்து வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று தயார் செய்கிற இடங்கள். முப்பத்தைந்து வயது மென்பொருள்காரர் போய் நின்றால், 'வாங்க சார்' என்று அன்பாகச் சொல்வார்கள். ஆனால் அவரோடு ஜோடி சேர அவர் வயதில், அவர் எடையில் ஆள் இருக்காது. ஹரியானாவில் ஊருக்கு ஊர் இருக்கும் அக்காடா (மல்யுத்தக் களம்) வசதி இங்கே இல்லை. பெரியவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் கூடம் உங்கள் ஊரில் இருந்தால், யோசிக்காமல் சேருங்கள்.

ஜூடோ நம் மாவட்டத் தலைநகரங்களில் ஓரளவு எட்டும் தூரத்தில் இருக்கிறது. விளையாட்டரங்க வளாகங்களிலும் சில பள்ளி கல்லூரிகளிலும் நடக்கிறது. தனியார் ஜிம்மைவிடச் செலவு குறைவாகவே இருக்கும். தடித்த மேலங்கியைப் பிடித்து, எதிராளியின் சமநிலையைக் குலைத்து, முதுகு தரையில் படும்படி எறிவதுதான் இதன் உயிர். எறிந்தது சுத்தமாக இருந்தால் 'இப்பான்', ஆட்டம் முடிந்தது. தரையில் 20 விநாடி அமுக்கி வைத்தாலும் இப்பான்தான். தார்ச்சாலையில் இப்படி ஒரு எறிதல் என்ன செய்யும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் போட்டி விதி எதைத் தடுக்கிறதோ, அதைப் பள்ளி நாளடைவில் மறந்துவிடும். சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 2010இல் காலைப் பிடித்து வீழ்த்துவதைக் கட்டுப்படுத்தி, 2013இல் அறவே விலக்கியது. தரையில் வேலை நகரவில்லை என்றால் நடுவர் சீக்கிரமே எழுப்பிவிடுவார். அதனால் இன்றைய ஜூடோ மாணவருக்கு, குனிந்து காலுக்குப் பாய்கிறவரை எதிர்கொள்ளப் பழக்கம் குறைவு. தரைப் பொறுமையும் குறைவு. பழைய பிடிகளையும் சொல்லித்தருகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு இதே கொடோகனின் பேரப்பிள்ளை. கானோவின் பள்ளியிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி ஹீலியோவும், தரைச் சண்டையைத் தனிக் கலையாக வளர்த்தெடுத்தார்கள். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில், ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ஹாய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். சிறிய உடம்புக்காரர் பெரிய உடம்புக்காரரைப் பூட்டவும் நெரிக்கவும் முடியும் என்பதை உலகம் அன்று டிவியில் பார்த்தது.

அலுவலக வேலையில் இருந்துகொண்டு முப்பதுக்கு மேல் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். காரணம் கௌரவமானதல்ல: உயரத்திலிருந்து விழுவது குறைவு. பெரும்பகுதி தரையிலேயே நடப்பதால் இடுப்பும் முழங்காலும் கொஞ்சம் தப்பிக்கும். வகுப்பில் பெரியவர்கள்தான் அதிகம் என்பதால் ஜோடியும் கிடைக்கும். குறையும் அங்கேயேதான். இடம் நெருக்கமான பல பள்ளிகளில் பயிற்சியை முழங்காலில் நின்றே தொடங்குகிறார்கள். நின்றிருக்கும் ஆளைக் கீழே கொண்டுவரத் தெரியாமல், தானே உட்கார்ந்து 'வா' என்று கூப்பிடப் பழகிவிட்டால் வெளியே அந்த வித்தை பாதிதான் உதவும். 'நின்றபடி தொடங்கும் பயிற்சி வாரத்தில் எத்தனை நாள்?' என்று கேளுங்கள். ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

சோவியத் நாட்டில் பிறந்த சாம்போ அருமையான கலவை. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான வசீலி ஒஷெப்கோவும் கொடோகனில் படித்தவரே. பக்கத்தில் பள்ளி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

முதல் வகுப்பில் எதைப் பார்ப்பது

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை முழுசாக உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்காத பள்ளி வேண்டாம். வார்ம்-அப் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். பள்ளியின் குணம் ஸ்பாரிங் நடக்கும் கடைசி அரை மணியில்தான் வெளியே வரும்.

முதலில், புதிதாக வந்தவரை யாரோடு ஜோடி சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல மாஸ்டர், நிதானமான பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, 'தம்பி, நீ போய் அவரோட விளையாடு, மெதுவா' என்பார். இரண்டு புதியவர்களை ஒன்றாக விட்டுவிட்டு போனைப் பார்க்கிற இடத்தில் விலா எலும்பு உடைய நாளாகாது. பாயில் அபாயமானவர்கள் பலசாலிகள் அல்ல. பயத்தில் திமிறுகிற புதியவர்கள்தான்.

அடுத்து, தட்டுவது. பூட்டோ நெரிப்போ விழுந்ததும், கையால் இரண்டு தட்டு தட்டினால் 'விடு' என்று அர்த்தம். அந்த நொடியே பிடி விடுபடுகிறதா? விட்டபின் தட்டியவரைக் கேலி செய்கிறார்களா? கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களையும் ஒழுங்காக அழுத்தினால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். தட்டுவதை அவமானமாகப் பேசும் பள்ளியில் உங்கள் கழுத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை. மாஸ்டர் தன் மாணவர்களோடு ஸ்பாரிங் செய்கிறாரா, எப்போதாவது அவரும் தட்டுகிறாரா என்பதையும் கவனியுங்கள். முழங்கால் போன மூத்த மாஸ்டர் ஓரமாக நிற்கலாம், தவறில்லை. நாற்பது வயதில் நல்ல உடம்போடு இருந்தும் பாயில் இறங்கவே இறங்காதவர் எதையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஜூடோவானால் விழக் கற்றுத் தருவதற்கு எவ்வளவு காலம் ஒதுக்குகிறார்கள் என்பதே முதல் அளவுகோல். இது வெறும் சம்பிரதாயமல்ல. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் 2011 வரை 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவால் இறந்திருக்கிறார்கள். பலருக்குத் தலைக் காயம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பின்னந்தலை தரையில் மோதாமல் நாடியை மார்போடு ஒட்டி விழுவது உடம்பில் படியும்வரை ஒருவரை எறியவே கூடாது. முதல் நாளே உங்களைத் தூக்கி எறிந்து வித்தை காட்டுகிற மாஸ்டரிடம் இரண்டாம் நாள் போகாதீர்கள். பக்கவாட்டில் தாவி இரண்டு கால்களாலும் கத்தரி போடும் 'கானி பசாமி' ஜூடோ போட்டிகளில் தடைசெய்யப்பட்டது; ஆளின் முழங்காலைக் கெடுக்கும். குதிகாலைத் திருகும் 'ஹீல் ஹுக்' பூட்டில், வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்திருக்கும். பெரிய ஜியு-ஜிட்சு அமைப்பான ஐபிஜேஜேஎஃப் அதைப் பழுப்பு, கருப்பு பெல்ட்காரர்களுக்கு மட்டுமே, அதுவும் மேலங்கி இல்லாத போட்டியில் மட்டுமே அனுமதிக்கிறது. புதியவர்கள் வகுப்பில் இவை இரண்டும் கண்ணில் பட்டால் அங்கே ஒழுங்கு இல்லை என்று பொருள்.

பாயை முகர்ந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். படர்தாமரையும் தோல் புண்களும் இந்தக் கலைகளின் நிரந்தர விருந்தாளிகள். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா, செருப்போடு பாயில் ஏறினால் சத்தம் போடுகிறார்களா, தோலில் வட்டத் தடிப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்களா? நகம் வெட்டாமல் வந்த மாணவரை மாஸ்டர் கண்டிக்கும் இடத்தில் நம்பிச் சேரலாம்.

பெண்கள் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். வகுப்பில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா, ஒருவரோடு ஜோடி சேர விருப்பமில்லை என்றால் காரணம் சொல்லாமல் மறுக்கலாமா, புகார் என்றால் யாரிடம் போவது. நெருங்கிப் பிடிப்பதுதான் இங்கே பயிற்சி என்பதால் எல்லை மீறுகிறவர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும். இந்தியாவின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகளே 2023இல் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார வேண்டி வந்தது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டுப் பயிற்சி நிலையங்களையும் மைதானங்களையும் 'பணியிடம்' என்றே வரையறுக்கிறது. பயிற்சிக்குத் தங்கிப் படிக்கும் இடமும் அதில் அடங்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலையமானால் உள் புகார்க் குழு எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் நிர்வாகி, விடையைச் சொல்லிவிட்டார்.

மாஸ்டரின் தகுதி? ஐபிஜேஜேஎஃப் விதிப்படி நீல பெல்ட்டில் குறைந்தது இரண்டு ஆண்டு, ஊதாவில் ஒன்றரை, பழுப்பில் ஒன்று இருந்தாக வேண்டும். நடைமுறையில் கருப்பு பெல்ட்டுக்குப் பத்தாண்டு போல ஆகும். 'இரண்டே வருடத்தில் கருப்பு பெல்ட்' என்று பிட் நோட்டீஸ் அடித்தால் அது பெல்ட் கடை. அதற்காகக் கருப்புக்குக் கீழே யாரையும் ஏற்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். ஜியு-ஜிட்சு நம் ஊருக்குப் புதிது. 'நான் ஊதா பெல்ட், இன்னாரிடம் கற்கிறேன், அவர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பார்' என்று நேராகச் சொல்கிறவரிடம் தாராளமாகச் சேரலாம். மல்யுத்தத்தில் பெல்ட்டே கிடையாது. மாஸ்டர் தயார் செய்த பிள்ளைகள் எந்தப் போட்டியில் என்ன செய்தார்கள் என்பதுதான் சான்றிதழ்.

பணம்: ஆண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி என்றால் புன்னகைத்துவிட்டு மாதக் கட்டணம் கட்டுங்கள். அடிபட்டு ஓய்வெடுத்தால் அந்த மாதங்களைத் தள்ளி வைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வேலைக்கு எது ஒத்துவரும்

நாளெல்லாம் தட்டச்சு செய்கிறவருக்கு விரல் மூட்டு முக்கியம். மேலங்கியை இறுகப் பிடித்துத் தொங்கும் ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் விரல்களை வீங்க வைக்கும். மேலங்கி இல்லாத 'நோ-கி' வகுப்பு அல்லது மல்யுத்தம் விரலுக்கு இதம். கழுத்து எலும்பில் தேய்மானம், வட்டு விலகல் என்று ஏற்கெனவே எக்ஸ்ரே எடுத்தவர்கள் எலும்பு மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக்கூடாது. காதில் அடிபட்டு வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டி நீரை எடுத்துவிடுங்கள். விட்டால் இறுகி, காலத்துக்கும் கசங்கிய காதுதான். வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் வேலையானால் காதுக் கவசம் வாங்கிவிடுவது மலிவு.

காவலர், மருத்துவமனைப் பாதுகாவலர், மனநலப் பிரிவுச் செவிலியர் போன்றோருக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு வேண்டியது ஒருவரை அடிக்காமல் அடக்குவது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மரியெட்டா நகரக் காவல்துறை 2019இல் புதிதாகச் சேரும் காவலர்களுக்கு ஜியு-ஜிட்சு வகுப்பைக் கட்டாயமாக்கியது அதனால்தான். மேலிருந்து அமுக்கிக் கையைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இவர்கள் நேரத்தைச் செலவிட வேண்டும். கீழே மல்லாந்து படுத்து ஆடும் நுட்பங்கள் பிறகு. எதிரே இரண்டு பேர் இருந்தாலோ கையில் கத்தி இருந்தாலோ கட்டிப்பிடிக்கும் எந்தக் கலையும் நம்பத்தக்கதல்ல. பிடியை உதறிவிட்டு ஓடத்தான் அது உதவும்.

வேலையே இதுவானால்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை 'இதில் வேலை கிடைக்குமா?' என்று கேட்டால் என் பதில் மாறும். ரயில்வே, ராணுவம், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. அங்கே மல்யுத்தத்துக்கும் ஜூடோவுக்கும் இருக்கும் மதிப்பு ஒலிம்பிக்கால் வந்தது. 1952 ஹெல்சிங்கியில் கே.டி.ஜாதவ் வாங்கிய வெண்கலம் தொடங்கி 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வாங்கிய வெண்கலம் வரை மல்யுத்தம் பதக்கம் தருகிற துறை. ஜூடோ 1964இலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. பாராலிம்பிக்கில் கபில் பர்மார் 2024இல் வெண்கலம் வென்றார். ஜியு-ஜிட்சு ஆசிய விளையாட்டில் 2018இல் நுழைந்துவிட்டது, ஒலிம்பிக்கில் இல்லை. அரசு வேலையை மனத்தில் வைத்தால் முதலிரண்டில் ஒன்றை எடுங்கள்.

எடுத்தபின் ஒன்றைத் துருவிக் கேளுங்கள்: பள்ளி நடத்தும் போட்டியின் சான்றிதழை அரசு ஏற்குமா? ஒரே விளையாட்டுக்குப் பல சங்கங்கள் இருக்கும்; 'தேசிய', 'அகில இந்திய' என்ற பெயர்களை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கப்போகும் துறையின் அறிவிப்பை எடுத்து, அதில் எந்தச் சங்கத்தின் எந்த மட்டப் போட்டியைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அங்கீகாரம் பெற்ற சங்கமும் தடுமாறலாம். 2023இல் உலக அமைப்பு இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தபோது, பெல்கிரேடு உலகப் போட்டியில் நம் வீரர்கள் நடுநிலைக் கொடியின்கீழ் ஆட நேர்ந்தது.

பயிற்சியாளராக விரும்புகிறவருக்குப் பாட்டியாலாவில் 1961இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் கதவுகளைத் திறக்கும். மல்யுத்தம், ஜூடோ இரண்டுக்கும் அங்கே படிப்பு உண்டு. அரசுப் பயிற்சியாளர் பணி அறிவிப்புகளில் அந்தப் பட்டயத்தைக் கேட்பது வழக்கம். தனியார் ஜிம்மில் ஜியு-ஜிட்சு சொல்லித்தருவதற்கு அது தேவையில்லை. பெல்ட்டும் போட்டி அனுபவமும் போதும். ஆனால் அங்கே சம்பளம் பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது, மழைக்காலத்தில் அது இறங்கும். கம்பெனி வேலையை விட்டு முழுநேரம் இறங்குவதற்கு முன், கைவசமுள்ள மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளைப் படியுங்கள். அபாயகரமான விளையாட்டுக்கான வழக்கமான விலக்கு, அதைத் தொழிலாகச் செய்கிறவருக்குத்தான் பொருந்தும். மாலையில் பொழுதுபோக்காக ஆடியவரை உறுத்தாத அந்த வரி, பயிற்சியாளரானதும் உங்களைக் குறித்து எழுதியதாக மாறிவிடக்கூடும். ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்திடம், மல்லுக்கட்டு இந்தப் பட்டியலில் வருமா என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.